பின் கார்புரேட்டரில் வைத்த சந்தனம்

எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பகலில் அப்பாவைத் தூங்கும் நிலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் இரண்டே அறைகள். அதில் ஒன்று எந்நேரமும் இருட்டாக இருக்கும், ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருப்போம். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர். ஷிப்ட் மாறி மாறி வரும் என்று சொல்லித்தான் கம்பெனியில் சேர்த்தார்களாம். அவருக்கு மட்டும் அது நைட் ஷிப்டிலிருந்து நைட் ஷிப்டுக்கே மாறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் பகல் வேலை. அவள் உள்ளே வரும்போது அவர் வெளியே போவார். எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சண்டை போடக்கூட இருவருக்கும் நேரம் வாய்த்ததில்லை.

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. பெங்களூரில் பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் வண்டியைச் சரிசெய்ய அங்கே கொண்டுவந்து விடுவார்கள். ரெட்டைக் கார்புரேட்டர் வேலை தெரிந்த ஆள் கிடைத்தால் வைத்துக்கொள்கிறேன், பகல் வேலைதான் என்று அதன் முதலாளி அப்பாவிடம் சொல்லியிருந்தார். பகல் வேலை என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறெதுவும் அப்பா காதில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அந்த வேலை தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எங்களிடம் ஒரு கார் இருந்தது. இப்படிச் சொன்னால் வசதியான வீடு என்று நினைத்துக்கொள்வீர்கள். காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்ததை வழியில் மறித்து வாங்கிய கார் அது. அதில் இரண்டு கார்புரேட்டரை மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டால் வேலை உறுதி என்பது அப்பாவின் கணக்கு.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், நைட் ஷிப்ட் முடித்த கையோடு, வாசலில் நின்று மாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருப்பேன். தூக்கம் வராமலிருக்க அவரும் பதில் சொல்வார். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்குமாம், அதில் பெட்ரோலைக் கலந்துவிடுவது கார்புரேட்டராம். அந்த இழுப்புக்கு வேக்கம் என்று பெயர். கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப் அந்த இழுப்பை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகும். பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தேவைக்குத் தகுந்தபடி முன்னே தள்ளிக் கொடுப்பது அதுதான். அதற்கு அட்வான்ஸ் என்று பெயர்.

"ரொம்ப முந்துனா எஞ்சின் தட்டும். பிந்துனா இழுக்காது பிள்ள. ரெண்டுக்கும் நடுவுல மயிரிழையில நிக்கணும்."

எஞ்சின் ஒரே சீராக ஓடி நிற்கவில்லை. ஸ்டார்ட் செய்தால் உறுமும், தானாகவே தணியும், திரும்ப உறுமும், அணைந்துவிடும். டைமிங்தான் தகராறு என்று அப்பா டிஸ்ட்ரிபியூட்டரை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒருநாள் கையில் ஸ்பேனரோடு, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

"அது தானும் ஓடாது, இந்த மனுசனத் தூங்கவும் விடாது" என்றாள் அம்மா. எழுப்ப மனம் வராமல் நிழலுக்குக் குடையை விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கையில் வந்தது. கிடைத்த அதிகாரத்தை நான் விடவில்லை. பானட்டுக்குள் பேட்டரி, ரேடியேட்டர், இரண்டு கார்புரேட்டர் என ஒன்றையும் மிச்சம் வைக்காமல் பொட்டு வைத்தேன். பின் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு பித்தளை மூக்கு திறந்த வாயோடு நீட்டிக்கொண்டிருந்தது. முன் கார்புரேட்டரில் இதே மூக்கில் ரப்பர் டியூப் மாட்டியிருந்தது. இது மட்டும் மொட்டையாக இருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் கொஞ்சம் தாராளமாகவே அப்பி வைத்தேன்.

மறுநாள் வண்டி நின்றது. நின்றது என்றால், அணையாமல் சீராக நின்றது. அப்பா தனியாக ஒரு நீள டியூப்பைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரின் மூச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டார். டைமிங்கை ஒழுங்காக வைத்தார். விளிம்புவரை டீ ஊற்றிய டம்ளரை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"டைமிங் உக்காந்துட்டு பிள்ள" என்றார். அடுத்த நாலு நாளும் எங்கள் வீட்டில் அப்பா பேசிக்கொண்டிருந்தார். பகல் வேலை கிடைத்ததும் ஜன்னல் போர்வையைத் துவைத்து மடித்து வைக்க வேண்டும் என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் குருபரப்பள்ளிக்குக் கிளம்பினார். பள்ளிக்கூடம் லீவு, நானும் கூடப் போனேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அம்மா ஒன்று சொன்னாள்.

"எஞ்சின் பூராவும் சந்தனமா அப்பி வச்சிருக்க. தொடச்சிரு. கோயிலுக்கா வந்துருக்கீகன்னு கேக்கப் போறாக."

ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. அப்பா பானட்டைத் திறந்து வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட உள்ளே போயிருந்தார். நான் கர்சீப்பை நனைத்து அவசரமாக எல்லாப் பொட்டையும் துடைத்தேன். பித்தளை மூக்கில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் குத்திக் குடைந்து முழுவதையும் வெளியே எடுத்தேன். விரலில் சூடு பட்டதையும் பொறுத்துக்கொண்டேன். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிய பெருமை எனக்கு.

முதலாளி வந்தார். அவரும் டீ டம்ளர் கட்சிதான். டம்ளரை எஞ்சின்மேல் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் உறுமியது, தணிந்தது, உதறியது. டம்ளர் சாய்ந்து டீ முழுவதும் கொட்டியது. அப்பா டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். அணைந்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி அணைந்தது.

"இங்க வர்ற வரைக்கும் நின்னுச்சு அண்ணாச்சி. ஒரு சொட்டு சிந்தல" என்றார் அப்பா.

"வுடுப்பா. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது, நைட்டு ஷிப்ட்டு முடிச்சிட்டு நேரா வந்தியா? போய்ப் படு" என்றார் அவர். "பெங்களூரு பார்ட்டி திங்கக்கெழம வண்டி கேக்குறான். நான் வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா நெனச்சிக்காத."

அணைந்துவிடாமலிருக்க ஆக்சிலேட்டரை மிதித்தபடியே திரும்பினோம். சூளகிரி தாண்டினோம். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எஞ்சின்ல எதையும் தொட்டியா பிள்ள?"

"இல்லப்பா."

ஹேர்பின்னை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். அதன் பிறகும் பத்தொன்பது வருடம் போனார்.

போன மாதம் என் பழைய ஸ்கூட்டர் இதே மாதிரி உறுமி உறுமி அணைந்தது. மெக்கானிக் பையன் ஏதோ ஒரு சின்ன ஓட்டையை விரலால் பொத்தினான், எஞ்சின் சட்டென்று அடங்கிச் சீராக ஓடியது. "வேக்கம் லீக்கு மேடம், வெளிக்காத்து உள்ள ஏறுது. இந்த ஓட்டைய அடைக்காம என்னா டைமிங் வெச்சாலும் நிக்காது" என்றான். அந்தப் பித்தளை மூக்கைச் சந்தனம்தான் அடைத்திருந்தது, குடைந்து திறந்துவிட்டது நான். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பா வண்டியை ஓரங்கட்டி, அந்த மூக்கை அடைத்து, அப்படியே குருபரப்பள்ளிக்குத் திருப்பியிருப்பார். இப்போது அவர் ரிட்டயராகி வீட்டில்தான் இருக்கிறார். இன்னமும் பகலில்தான் தூங்குகிறார், போர்வை அதே ஜன்னலில் இருக்கிறது.

அடுத்த வருட ஆயுத பூஜையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பொட்டு வைக்க அப்பா என்னைக் கூப்பிட்டார். பின் கார்புரேட்டரின் பித்தளை மூக்கில் புதிதாக ஒரு கறுப்பு ரப்பர் மூடி போட்டிருந்தது. "மொதல்ல இதுல வையி பிள்ள" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். நான் பெரிய பொட்டாக வைத்தேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.