உட்கணுக்காலுக்குக் கீழே ஒரு குழி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். ஊர்ச் சங்கக் கூட்டங்களில்கூடக் கடைசிக் கதிரையில் இருந்துவிட்டு, பேச்சுத் தொடங்கினால் தேநீர் ஊற்றுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுகிறவள். ஊரவர் ஒன்றுகூடல் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பேனையை எடுத்தால் வேறொன்றுதான் வந்தது. இதில் வருகிற பெண் என் தம்பி அன்ரனின் மனைவி. எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "எழுதுங்கோ மச்சாள். பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டு, "மாத்தினாலும் கீரி முழுக்கத் தெரியும்தானே" என்றாள். கீரி மன்னார்க் கரையில் எங்கள் ஊர். ஆகவே அவளை இங்கே ஜெசிந்தா என்று எழுதுகிறேன். படித்தவர்கள் பிழை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோர்வேயின் வடக்கில் இந்தச் சிறிய பட்டினத்தில், என்னிடம் வருகிறவர்கள் பெயரைச் சொல்லமுதல் காலைத் தருகிறார்கள். முடிவெட்டும் கடைக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை இருக்கிறது. வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றி, கம்பளிக் காலுறையையும் உருவிவிட்டு, சாய்ந்து படுக்கிற கதிரையில் ஏறிவிடுவார்கள். நான் பதிவான ஸ்டூலில் இருப்பேன். அவர்களுடைய பாதம் என் நெஞ்சு உயரத்துக்கு வரும். எங்கள் ஊரில் கால் ஒருவர்மேல் தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். தொடங்கிய புதிதில் அவர்களின் கால் என்மேல் இடிபடும்போதெல்லாம் என் கை தானாகவே கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகும். நான் சிலுவை அடையாளம் போடுகிறேன் என்று நினைத்து, அவர்கள் மரியாதையாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

கீரியில் காலுக்கு மரியாதை கிடைப்பது வருடத்தில் ஒரு நாள்தான். பெரிய வியாழனன்று, இயேசு சீடரின் காலைக் கழுவியதை நினைத்து, பங்குச் சுவாமி பன்னிரண்டு ஆண்களுடைய பாதத்தைக் கழுவுவார். ஒரு வருடம் அன்ரனையும் தெரிந்தெடுத்தார்கள். ஒரு கிழமையாகத் தும்பும் தேசிக்காயும் போட்டுக் குதிக்கால் வெடிப்பைத் தேய்த்தான். கோயிலில் சுவாமி ஒரு சிறங்கைத் தண்ணீர் ஊற்றி, துவாயால் ஒற்றிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். "இந்தச் சொட்டுத் தண்ணிக்கோ நான் தோலை உரிச்சனான்?" என்று வீட்டுக்கு வரும்வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தான். அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவன் சிரித்துக் கனகாலம் ஆகிவிட்டது.

என் தொழிலை இங்கே சூனெதெராப்பி என்பார்கள். ஆங்கிலத்தில் ரிஃப்ளெக்ஸாலஜி. உள்ளங்காலில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதை அமத்தினால் அந்த உறுப்பு இளகும் என்று படிப்பித்தார்கள். பிள்ளை இல்லாமல் ஆஸ்பத்திரியில் வைத்தியம் செய்கிற பெண்கள் மனம் ஆறுவதற்காக இதற்கும் வருவார்கள். நானும் முதலில் அப்படித்தான் போனேன். அப்போது நான் மீன் தொழிற்சாலையில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் முடித்துப் பல வருடம், எனக்கும் என் அவருக்கும் பிள்ளை இல்லை. இங்கிருக்கிற எங்கள் ஆட்களின் பூசைக்குப் போனால், "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்று வயிற்றைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அந்தக் கதிரையில் மட்டும் ஒரு மணித்தியாலம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நோர்வேக் கிழவி என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் காலை விடவில்லை. எனக்குப் பிள்ளை வரவில்லை. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்து, அவளிடமே மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தேன். ஆஸ்பத்திரியை விடச் சொல்லாதே, பிள்ளை வரும் என்று வாக்குக் கொடுக்காதே என்று முதல் நாளே சொல்லித் தந்தாள். இன்னுமொன்று சொன்னாள். உட்கணுக்காலுக்குக் கீழே, குதிக்குப் போகிற வழியில் ஒரு குழி இருக்கிறது. அது கருப்பைக்குரிய இடம். கரு தங்கின தொடக்க மாதங்களில் அதைத் தொடக்கூடாது. அதனால் கடைசியாக மாதச் சுகவீனம் வந்த தேதியைக் கேட்டு எழுதாமல் ஒரு காலையும் தொடாதே.

மாரித் என்று ஒருத்தி வந்தாள். பாடசாலையில் படிப்பிக்கிறவள். வந்த முதல் நாளே, நான் கேட்காமலே, தேதியிலிருந்து எத்தனை கருமுட்டை எடுத்தார்கள், புருஷனுடைய பரிசோதனை என்ன சொன்னது என்பதுவரை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் முறை வைத்தியம் செய்தபின் ஒரு நாள், சப்பாத்தைக் கழற்றமுதலே, தங்கிவிட்டது என்று கத்தினாள். ஐந்து கிழமைதான். நான் பதறிப்போய் வாயில் விரலை வைத்து, "இக்கெ சி, இக்கெ சி" என்றேன். சொல்லாதே என்று அர்த்தம். அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. "ஏன், என் காலில் ஏதும் பிழை தெரிகிறதா?" என்று கேட்டாள். இல்லை, மூன்று மாதம் முடியமுதல் சொன்னால் கண் படும் என்று எனக்குத் தெரிந்த நொர்ஸ்க் மொழியில் விளங்கப்படுத்தினேன். "யார் பார்க்கிறது?" என்று அவள் எழும்பி யன்னலைப் பார்த்தாள். வெளியே பனி அள்ளுகிற இயந்திரம் மட்டும் நின்றது. அடுத்த நாள் பாடசாலையில் கேக் வெட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டாளாம். பிள்ளை பிறந்தது. அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாள். நான் சந்தோசப் புளுகத்தில் அதை அன்ரனுக்கு அனுப்பினேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை.

அன்ரன் உடனே போன் எடுத்தான். "அக்கா, நீ அங்கை வெள்ளைக்காரியளுக்குக் காலைப் பிடிச்சே பிள்ளை வர வைக்கிறியாம். சொந்தத் தம்பி பெண்டாட்டியின்ரை கால் கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"அது ஆஸ்பத்திரி வைத்தியம் தம்பி. நான் சும்மா காலைப் பிடிச்சனான்."

"அப்ப இவளுக்கும் சும்மா பிடியன்" என்றான்.

அவர்கள் கலியாணம் முடித்து ஒன்பது வருடம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் டொக்ரர்மார் இரண்டு பேரிலும் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வருடம் ஒருமுறை தங்கினது. ஜெசிந்தா நாற்பது நாளில் சந்தோசத்தில் வாய் விட்டுவிட்டாள். கோயில் முடிந்து வந்தவர்கள் வீட்டில் ஏறி வாழ்த்தினார்கள். அடுத்த கிழமை கலைந்துவிட்டது. ஊர்க்கண் என்றார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

போன வருடம் ஆடியில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். ஜெசிந்தா கரையில் கருவாடு காயப்போடுகிறவள். அவளுடைய பாதத்தை நான் முதல் நாள் மடியில் வைத்தபோது, வெடிப்புகளுக்குள் உப்பு வெள்ளையாக இறுகிக் கிடந்தது. "சீ, விடுங்கோ மச்சாள், நீங்கள் மூத்தவ, என்ரை காலைத் தொடக்கூடாது" என்று இழுத்தாள். முற்றத்துப் பூவரசுக்குக் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டிருந்தோம். பக்கத்தில் அவளுடைய தாய், எனக்கு மாமி முறை, மீன் வெட்டிக்கொண்டிருந்தா. வேலிக்கு அங்கால் இருந்து யாரோ, "நோர்வேக்குப் போய்க் கால் பிடிக்கப் படிச்சிருக்கிறாள், எங்கடை ஆம்பிளையள் குடிச்சிட்டு வந்து படிக்காமலே பிடிக்கிறாங்கள்" என்று பகிடி விட்டாள். எல்லோரும் சிரித்தோம். நோர்வேயில் கதவைப் பூட்டிவிட்டுக் கேட்கிற கேள்வியை நான் அந்தச் சிரிப்புக்கு நடுவில், அந்த முற்றத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "கடைசியாச் சுகமில்லாமல் வந்தது எப்ப பிள்ளை?"

அவள் தாயைப் பார்த்தாள். "போன கிழமைதான் மச்சாள்" என்றாள்.

இன்னொரு தரம், தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டேன். தம்பியின் மனைவியிடம் அந்தக் கதையை இரண்டாம் முறை எடுக்க எனக்கு நா எழவில்லை. அடையாளங்கள் இல்லாமலும் இல்லை. வருடா வருடம் ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குக் கால்நடையாகப் போகிறவள், "இந்த முறை பஸ்ஸிலை போவம்" என்றாள். கிணற்றடி வாளியை அன்ரனைக் கொண்டு தூக்குவித்தாள். "நோர்வே மகாராணி வந்தாப்போலை இவவும் மகாராணி ஆகிட்டா" என்று அவன் சொல்லிச் சொல்லித் தூக்கினான். நானும் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்தக் குழியில் பெருவிரலை வைத்து, மாரித்துக்குச் செய்ததைவிடக் கவனமாக, சொந்தம் என்ற ஆசையோடு அமத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். சில நேரம் உதடு அசையும். செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் பின்னேரம் கதிரையிலிருந்து எழும்பினவள் அப்படியே நின்றாள். கதிரைச் சீலையில் இரத்தம் இருந்தது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஏழு கிழமைக் கரு என்றார்கள். அன்ரன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். "ஏன் பிள்ளை என்னட்டைப் பொய் சொன்னனீ?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்படுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

"மூண்டு மாதம் முடியட்டும் எண்டு இருந்தனான் மச்சாள். சொன்னால் போயிடும் எண்ட பயம்."

"அப்ப காலைப் பிடிக்க வேண்டாமெண்டு ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாமே."

அவள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கடை கை பட்டால் தங்கும் எண்டு நினைச்சன்" என்றாள்.

அங்கே ஒரு பெண் டொக்ரர் இருந்தா. வெட்கத்தை விட்டு அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, காலை அமத்தினதாலை கரு கலையாது. இது உங்களாலை வந்ததில்லை. மனசிலை போட்டுக் குழம்பாதேங்கோ" என்றா. நல்ல மனுசி. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னா. ஆனால் அந்த வார்த்தைதான் இன்றுவரைக்கும் என்னைத் தின்கிறது. காலை அமத்தினதால் கரு கலையும் என்றால் நான் என் தம்பியின் பிள்ளையைக் கொன்றவள். கலையாது என்றால், காலால் கருப்பைக்கு ஒன்றுமே போகாது என்றால், இத்தனை வருடமாக அந்தக் குழியில் விரலை வைத்து எத்தனை பெண்களை நான் ஏமாற்றியிருக்கிறேன். இரண்டில் ஒன்றை நான் ஏற்க வேண்டும். சில நாள் இதை ஏற்கிறேன், சில நாள் அதை. மூன்றாவது பதில் ஒன்று இருந்தால், தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.

மாமி கொடியில் துணி போட்டுக்கொண்டு, துணிக்குச் சொல்வதுபோல, "அமத்தி அமத்தியே இறக்கிப்போட்டாள்" என்றா. அன்ரன் சாய்மனைக் கதிரையைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் வைத்து, அதன்மேல் வலையைக் குவித்துவிட்டான். நான் வெளிக்கிடுகிற நாளில் என் பெட்டியைத் தூக்கி வானில் ஏற்றிவிட்டு, "குளிருக்குக் கவனம் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வந்து மாரித்திடம் இதைச் சொன்னேன். அவள் இரண்டாவது பிள்ளைக்காக மறுபடி வரத் தொடங்கியிருந்தாள். "நான் உனக்கு ஒன்றும் செய்யவில்லை, செய்தது ஆஸ்பத்திரிதான்" என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "நீங்கள் எப்போதும் உங்களைக் குறைத்தே பேசுகிறீர்கள்" என்றாள். என் நொர்ஸ்கால் அதற்கு மேல் போக முடியவில்லை. இப்போது வருகிற ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே சொல்கிறேன், இதால் பிள்ளை வராது என்று. அவர்கள் தலையாட்டிவிட்டுக் காலைத் தருகிறார்கள். நான் முழுக்காலையும் பிடிக்கிறேன். அந்தக் குழி வந்ததும் விரல் தானாகச் சுற்றிப் போகிறது. எவரும் கவனிப்பதில்லை. யாருக்கும் குறையும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா வீடியோ அழைப்பு எடுத்தாள். எடுத்ததும் போனைக் கீழே திருப்பினாள். முற்றத்து மணலும் அவளுடைய இரண்டு பாதமும் தெரிந்தன. வெடிப்பும் உப்பும் அப்படியே இருந்தன.

"மச்சாள், ஆறு நாள் தள்ளியிருக்கு" என்றாள். "அவருக்கும் சொல்லேல்லை, அம்மாக்கும் சொல்லேல்லை. முதல் முதல் உங்களுக்குத்தான் சொல்லுறன்."

நான் வாயில் விரலை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"எங்கை தொடக்கூடாது எண்டு ஒருக்காக் காட்டுங்கோ. குளிக்கேக்கையும் தேய்க்காமல் விடுறன்."

நான் அப்போது என் தொழில் அறையில் தனியாக, வருகிறவர்கள் படுக்கிற கதிரையில்தான் இருந்தேன். கம்பளிக் காலுறையைக் கழற்றி, என் காலைத் தூக்கிப் போனுக்கு முன்னால் வைத்து, அந்த இடத்தைக் காட்டினேன். ஒரு பிள்ளையும் தங்காத உடம்பின் கால். அவள் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தன் காலில் அதே இடத்தைத் தேடினாள். "இதுவோ?" என்றாள். "ஓம், அதுதான். கையை எடு" என்றேன். எடுத்தாள். என்னுடைய கால் பனி வெளிச்சத்தில் வெளிறிப்போய் இருந்தது. அவளுடைய கால் கீரி மணலில் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே அன்ரனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் விடிய போனைப் பார்த்தேன். "சுகமில்லாமல் வந்திட்டுது மச்சாள்" என்று எழுதியிருந்தாள். எட்டு மணிக்கு அறையைத் திறந்தேன். ஒன்பது மணிக்கு மாரித் வந்தாள். தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.