அடுத்த ஆட்டத்துக்கு வாங்க

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். சாவி என்றால்தான் திரும்புவார். பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி, தொலைந்த சாவி, உள்ளேயே விட்டுவிட்டு கதவைச் சாத்திக்கொண்ட சாவி, எல்லாவற்றுக்கும் அவர்தான். கடை என்று அவர் சொல்லிக்கொள்வது ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து. அதில் சாவி வெட்டும் மெஷின், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்கத் தொங்கும் சாவிகள், மிச்ச இடத்தில் அவர். ‘நான் திறக்க முடியாத கதவு இன்னும் செய்யப்படலை’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். கொரோனா வந்த வருஷம் அந்தப் பீற்றல் என்ன ஆனது என்ற கதையையும் அவரே சொல்வார். தன் மூக்கு அறுபட்ட கதையை இவ்வளவு ரசித்துச் சொல்கிற ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

அவருடைய அப்பா சினிமா தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். கிழித்த பாதியைக் கையில் கொடுத்து, டார்ச் அடித்து சீட்டைக் காட்டுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரொம்ப காலம் ஆகிவிட்டது, ஆனால் அது அவருக்குத் தெரியாது. மறதி நோய் வந்து மனைவி இறந்தது, மகனுக்குத் தலை நரைத்தது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தியேட்டரை மட்டும் விட்டுவைத்திருந்தது. சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருமுனையில் நின்று போகிறவர் வருகிறவர் கையைப் பிடித்து, “பார்த்து போங்க சார், இருட்டுல படி இருக்கு” என்பார். கொரோனாவுக்காக முகக்கவசம் கட்டிவிட்டால் அதைக் கழற்றி மடித்து, கைக்குட்டை என்று பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்.

சாதாரண நாளில் அவர் தெருமுனையில் நிற்பதைத் தெரு பொறுத்துக்கொண்டது. கொரோனா வந்த பிறகு சாவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு ஏற்கெனவே நுரையீரல் சரியில்லை. வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆனால் சாவி பயந்தது சாவுக்குக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கூட ஒருத்தரையும் விட மாட்டார்களே என்பதுதான். முகமே தெரியாத உடுப்புக்காரர்களுக்கு நடுவில், நான் எங்கே இருக்கிறேன், டூட்டிக்கு நேரமாச்சு என்று அப்பா கேட்டுக்கொண்டே கிடப்பார், பதில் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே சாவி தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினார். வாசல் கதவுக்கு ஒரு பூட்டு போட்டார். சாதாரணப் பூட்டு இல்லை, நகைக்கடைக்குப் போடுகிற பூட்டு. போட்டு முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, இனிமே கிருமி என்ன, கிருமியோட அப்பன் வந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்று மனைவியிடம் சொன்னார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, கிருமி கதவைத் தட்டிட்டா வருது என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் வீடே அதிரும்படி கதவைக் குத்த ஆரம்பித்தார்.

“உள்ள ஜனம் இருக்கு. கதவைப் பூட்டினவன் எவன்டா? தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?”

தியேட்டர்காரருக்கு அதுதான் முதல் பாடம். ஆட்டம் ஓடும்போது ஒரு கதவையும் பூட்டக் கூடாது. வேறு எது மறந்தாலும் அது அவர் எலும்பில் இருந்தது. கை வீங்கும் வரை குத்தினார். உள்ளே இருப்பதாக அவர் நினைத்த ஜனத்தை, பயப்படாதீங்க, இதோ திறந்துடறேன் என்று சமாதானப்படுத்தினார். கடைசியில் சாவியே தன் பூட்டைத் தன் கையால் கழற்ற வேண்டியதாயிற்று. ஊரில் உள்ள அப்பன்களில் எல்லாம் பூட்டுக்கு அடங்காத அப்பன் பூட்டுக்காரனுக்கா வாய்க்க வேண்டும் என்று நொந்துகொண்டார்.

வழி கண்டுபிடித்தது மனைவிதான். சாவி ரொம்ப நாள் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார். ஒரு நாள் மனைவி பால் வாங்கிக்கொண்டு வந்தபோது வாசலில் நின்ற மாமனார், டிக்கெட் எங்கே என்று கையை நீட்டினார். பையில் கிடந்த மருந்துப் பெட்டி அட்டையைக் கிழித்து ஒரு துண்டு கொடுத்தார் மருமகள். மாமனார் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, பாதி கிழித்துக் கொடுத்து, தலையை ஆட்டி உள்ளே விட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அன்றிலிருந்து வாசலுக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி, மடியில் ஒரு டார்ச், தோளில் ஒரு துண்டு. அப்பா டூட்டியில் உட்கார்ந்தார். டூட்டிக்கு வந்தாகிவிட்டதால் டூட்டிக்குக் கிளம்பவேண்டிய அவசியமில்லை. கதவு திறந்தே கிடந்தது, அவர் தாண்டிப் போகவில்லை. டிக்கெட் இல்லாத ஒருத்தரையும் தாண்டி வரவும் விடவில்லை. அட்டையை வெட்டி டிக்கெட் செய்வது மருமகள். அது கிடைக்கிற ஒரே வெளியாள், வேலைக்குப் போய் வருகிற சாவி.

பேப்பர் இரவல் வாங்க வந்த எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் போனார். கல்யாணத்துக்குப் போய்விட்டு முகக்கவசம் இல்லாமல் நேரே இங்கே வந்த சாவியின் தங்கை, நான் உங்க பொண்ணுப்பா என்று அழுது பார்த்தாள். பொண்ணா இருந்தாலும் டிக்கெட் எடுத்துட்டு வரணும்மா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சாவிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவரே வாய் திறந்து சொல்லியிருந்தால் குடும்பத்தில் பெரிய ரகளை ஆகியிருக்கும். எங்க வீட்டுல வைரஸுக்கே டிக்கெட் கேட்கிறோம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் அளந்தார். அத்தோடு விட்டாரா? ஆறடி தள்ளி நில்லுங்க, பணத்தை டப்பாவில் போடுங்க, சாவியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்க என்று ஊருக்கெல்லாம் உபதேசம். வீட்டில் முன்னறையில் தனியாகப் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர். தன்னைவிட ஜாக்கிரதையான ஆள் உலகத்திலேயே இல்லை என்று நிஜமாகவே நம்பினார்.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு போன் வந்தது. அறைக் கதவு மாட்டிக்கொண்டது, உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கிறார், உடனே வாருங்கள் என்று ஒரு அம்மா கூப்பிட்டார். சாவி முகக்கவசத்தோடுதான் போனார். மண்டியிட்டு, பூட்டுக்குள் கம்பியை விட்டார். துரு. பூட்டுக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. துருவோ தூசியோ தென்பட்டால் கை யோசிக்காது, வாய் ஊதிவிடும். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். சாவித் துவாரத்தில் வாயை வைத்து ஊதினார். கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபடி ஊதினார். இந்தப் பக்கம் இவர் ஊத, அந்தப் பக்கம் அந்த மனிதர் குனிந்து, வந்துருச்சா, வந்துருச்சா என்று கேட்டுக் கேட்டு இருமினார். கதவு திறந்த பிறகுதான் அந்த அம்மா கூடத்தின் கோடியில் நின்றுகொண்டு, அவருக்குக் காய்ச்சல்ங்க, அதான் தனியா இருந்தார் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சாவி தனக்குத்தானே காதில் பூ சுற்றிக்கொண்டார். நடுவில்தான் கதவு இருந்ததே, மூடின கதவுதானே என்றார். சாவித் துவாரத்தை வைத்தே இத்தனை காலம் சோறு தின்றவர், அது இரண்டு பக்கமும் திறந்த ஓட்டை என்பதை அன்றைக்கு மட்டும் மறந்துபோனார். மறதி அப்பாவுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? மனைவியிடம் மூச்சு விடவில்லை. தேடிப் போய் ஏன் அவளைப் பயமுறுத்துவது என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

சில நாள் கழித்துக் கடையில் தொண்டை கரகரத்தது. பித்தளைத் தூள் என்று முடிவு செய்தார். உடம்பு வலித்தது. ஸ்டூல் சரியில்லை என்றார். சாயங்காலம் வழக்கம்போல வீட்டு வாசலில் வந்து நின்று, பாக்கெட்டிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நீட்டும்போதே இருமல் வந்தது.

அப்பா டிக்கெட்டை வாங்கவில்லை. எழுந்து நின்றார். டார்ச்சை அவர் முகத்தில் அடித்தார்.

“இருமுறீங்களே சார்.”

“தூசிப்பா. டிக்கெட் இருக்கு பாருங்க.”

“டிக்கெட் இருக்கட்டும். நீங்க உள்ள உட்கார்ந்து இருமினா மத்தவங்க எப்படிப் படம் பார்ப்பாங்க? இருமல் நின்னதும் வாங்க. அடுத்த ஆட்டத்துக்கு வாங்க.”

சாவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாடகை கொடுக்கிறவன் நான், இந்தக் கதவுக்குப் பூட்டு போட்டவன் நான் என்று வாய் வரைக்கும் வந்தது. தள்ளிக்கொண்டு போக ஒரு எட்டு முன்னால் வைத்தார். அப்பா இரண்டு கையையும் விரித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த கைகள். ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்போதுதான் அந்தச் சாவித் துவாரமும், அந்தப் பக்கத்து இருமலும் சாவியின் ஞாபகத்துக்கு வந்தன. முன்னால் வைத்த காலை எடுத்தார். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து தெருவுக்கு வந்துவிட்டார்.

மனைவி தையல் மெஷினை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். தெருவில் நின்றபடியே சாவி நடந்ததைச் சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணின வாய்தானே அது, பூட்டுல வச்சு ஊதினது என்று மனைவி கேட்டார். பிறகு குரல் மாறி, முதல்ல போய் டெஸ்ட் எடுங்க என்றார். அவர் பயந்திருந்தார். சாவி டெஸ்ட் எடுக்கக் கிளம்பினார்.

கொரோனாதான். ஊர்க் கதவையெல்லாம் திறந்த மனிதர் மாடிப்படிக்கு அடியில், கால் நீட்ட முடியாத பொந்தில் கிடந்தார். மனைவி கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வெளியே வைத்துவிட்டுப் போவார். காய்ச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், அவரை வாட்டியது வேறு. இருமல் வருவதற்கு முந்தின நாட்களில் வீட்டில்தானே இருந்தேன், முன்னறை என்றாலும் அதே காற்றுதானே என்று சுவரில் தொங்கும் சாவிகளைப் பார்த்துக்கொண்டு மருகினார். அப்பாவுக்கு வந்திருந்தால் அது தெருவிலிருந்து வந்ததாக இருக்காது. கண்ட கண்ட ஆளையெல்லாம் தடுத்துவிட்டுத் தன் கையால் டிக்கெட் கிழித்து உள்ளே விட்ட ஒரே ஆளிடமிருந்துதான் வந்திருக்கும்.

அப்பாவுக்கும் மனைவிக்கும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுக்க உடம்பு முழுக்க மூடின ஒரு பெண் வந்தாராம். அவரிடமும் அப்பா டிக்கெட் கேட்டாராம். அந்தப் பெண்ணும் மருமகள் கொடுத்த அட்டையை நீட்டிவிட்டுத்தான் உள்ளே போனாராம். முடிவு வரும் வரை சாவி சாப்பிட்டது கேரியருக்குத்தான் தெரியும். மனைவி ஒரு மதியம் வந்து, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை என்று தெருவிலிருந்தே சொன்னார். சாவி ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்ததும் பித்தளைத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றார்.

உடம்பு தேறி, டெஸ்டும் சரியாகி, கேரியரோடு வந்த புது டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒரு இருமல்கூட வந்துவிடக் கூடாதே என்று தொண்டையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தார். அப்பா டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆளை மேலும் கீழும் பார்த்தார். யார் என்று தெரிந்த மாதிரி இல்லை. பாதி கிழித்துக் கொடுத்து, வெளிச்சமாக இருந்த கூடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாவி வழக்கமாக உட்காரும் நாற்காலிதான் அங்கே காலியாக இருந்தது. அதன்மேல் அப்பாவின் தோள் துண்டு விரித்திருந்தது. சாவி உட்காரப் போனார்.

“அங்க வேண்டாம் சார். துண்டு போட்டிருக்கு பாருங்க. அது ஆளுக்குப் பிடிச்சு வச்ச இடம்.”

“யாருக்குப்பா?”

“என் பையனுக்கு. இருமலோட வந்தான், திருப்பி அனுப்பிட்டேன். டூட்டின்னா டூட்டி, பையன்னு பார்க்க முடியுமா? மனசுதான் கேட்கலை.”

தையல் மெஷினில் இருந்த மனைவி வாயைத் திறந்தார். சாவி கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

“எப்ப வருவார் உங்க பையன்?”

“வருவான். பூட்டு வேலை பார்க்கிறவன். ஊர்ல எல்லார் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டுட்டு, கடைசியாத்தான் நம்ம வீட்டுக்கு வருவான். நீங்க கீழ உட்காருங்க.”

அப்பா போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாவி கிழித்த பாதி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, துண்டு போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் எப்போது வருவான் என்று சாவியும் அவரோடு சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.