குளிர்ந்த உடம்பின் மேல் ஒரு குடம் தண்ணீர்

வெள்ளிமலைக்கு மேலே ஒரு மரவள்ளித் தோட்டத்துக் கிணற்றோரம் நான் பார்த்தது இது. மார்கழி மாதம், வெள்ளிக்கிழமைக் காலை. முந்தின நாள் பிற்பகலில் பிடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மழை நாட்களைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, கிழமையில் தவறில்லை. பக்கத்திலிருந்த நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். கூச்சல் கேட்டுப் போனேன்.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து விவசாயி. அடைத்துக்கொண்ட மோட்டாரைப் பார்க்க, வியாழன் மாலை பழங்குடியான ஒரு மலைக்காரரைக் கிணற்றில் இறக்கிவிட்டு, டீ குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. கயிறு அறுந்தது. மார்பளவுத் தண்ணீரில் அந்த மனிதர் விடியும்வரை நின்றார். இரவு அவருடைய மனைவி தேடிப் போய்க் கேட்டபோது, குத்தகைக்காரர் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லையாம். "எங்கனா ஊத்திக்கினு கெடப்பான், காலைல வந்துடுவான் போ" என்றாராம். விடிந்ததும் அந்தப் பெண்தான் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கயிற்றுக் கட்டிலை இறக்கி அவரை மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள். எழுந்து நிற்கப் பார்த்தார், கால் மடங்கியது. ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. சுற்றி நின்றவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

"இன்னா மச்சான், கிணத்துக்குள்ளயே கடை தொறந்துட்டியா?"

"மப்பு எறங்கலடா இன்னும். தலைல ஊத்து, தெளிஞ்சிடும்!"

போதை தெளியத் தலையில் தண்ணீர் கொட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம். ஒருவன் ஒரு குடம் கொண்டுவந்து, சேறு தெறிக்காத தூரத்தில் நின்றுகொண்டு அவர் தலையில் ஊற்றினான். இன்னொருவன் செல்போனில் படம் பிடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் விழுந்தபோது அவர் உடம்பு சிலிர்க்கவே இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"அவரு குடிக்க மாட்டாருங்க! தொட்டுப் பாருங்களேன், யாராச்சும் தொட்டுப் பாருங்களேன்!" என்று அந்தப் பெண் கத்தினார். யாரும் தொடவில்லை. அங்கே நின்ற சமவெளிக்காரர்கள் ஏன் தொடவில்லை என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நான் அவருடைய கழுத்தில் கை வைத்தேன். மழையில் நனைந்த பாறையைத் தொட்டது போல இருந்தது. குத்தகைக்காரர் மட்டும், "சார், கைய கழுவிக்குங்க" என்றார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. அதுவரை ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, நண்பர் வீட்டுக் கம்பளியில் அவரைச் சுற்றி வைத்திருந்தோம். கள்ளக்குறிச்சியில் நாங்கள் சேர்த்த மருத்துவமனை வாசலில் காவலாளி எட்டிப் பார்த்து, "மலைங்களா? சாராயமா?" என்று கேட்டார். உள்ளே இருந்த டாக்டரம்மா அப்படிக் கேட்கவில்லை. முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மெதுவா, மெதுவா! ஒடம்ப ஆட்டாதீங்க, குலுக்கினாக்கூட ஹார்ட் நின்னுடும்" என்று எங்களை அதட்டினார். உடம்பு மிகவும் குளிர்ந்தால் மனிதன் குடித்தவனைப் போலவே குழறுவான், தள்ளாடுவான், கடைசியில் நடுக்கமும் நின்றுபோகும் என்றார். சூடேற்றிய சலைன் போட்டு, வெந்நீர்ப் பைகளை அக்குளில் வைத்து, புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் பேசி அனுப்பிவைத்தார். ரத்தத்தையே வெளியே எடுத்துச் சூடாக்கும் இயந்திரம் அங்கேதான் இருந்தது.

புதுச்சேரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து மாற்றும்போது இதயம் நின்றது. மார்பை அழுத்திக்கொண்டே உள்ளே கொண்டுபோனார்கள். "செத்துட்டாருங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். "ஒடம்பு சூடாகுற வரைக்கும் அதச் சொல்ல முடியாதும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். மறுநாள் கண்ணாடி வழியே பார்த்தேன். தொடையிலிருந்து கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குழாய் கருஞ்சிவப்பாக வெளியே வந்தது. சக்கரம் வைத்த பெட்டி ஒன்றுக்குள் போய், இன்னொரு குழாயில் பளிச்சென்ற சிவப்பாகத் திரும்பியது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக அந்தப் பெட்டி வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய இதயம் தானாகத் துடிப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதார்.

பொங்கல் கழிந்து அவர் வீடு திரும்பினார். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. நான் பார்க்கப் போயிருந்த அன்று குத்தகைக்காரரும் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"இனிமேலாச்சும் குடிய வுட்டுடு. பொண்டாட்டி புள்ள இருக்குது இல்ல?" என்றார். பிறகு, "ஒடம்பு தேறினதும் வா. மோட்டாரு இன்னும் உள்ளாரயே கீது" என்றார்.

அந்த மனிதர் பழக்கதோஷத்தில் தலையாட்டப் போனார். மனைவி முந்திக்கொண்டார். "அவரு வரமாட்டாரு. நீங்க எறங்குங்க. கயிற நான் புடிச்சிக்கிறேன்."

குத்தகைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார். ஆப்பிள் பையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, வண்டியில் போட்டுவிட்டு வந்தார்.