கார் ஷெட்டில் பிறந்த கன்று

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் கிளியூர் போகும் வழியில் புதிதாகக் கட்டிய ஒரு பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், மூட்டை தூக்குவது என்று ஊர் ஊராகச் சுற்றி, அடிவாரத்தில் வேலையில்லாமல் நின்றபோது கிடைத்த இடம் அது. சம்பளம் குறைவு, குளிர் அதிகம். படுக்க ஓர் அறை இருந்ததே பெரிது.

அந்தப் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் சரிவு. சமதரை என்றால் பங்களா நின்ற புல்வெளி ஒன்றுதான். அதை மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் எழும்பியது எங்கள் பங்களா. மற்ற மனைகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதன் முதல் எதிரி பக்கத்து வீட்டு அக்கா. ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைத்தவர். கல் ஏற்றி வந்த லாரியை மறித்து நின்றவர். மனை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் போய், "ஏனுங்க, வருசத்துல பத்து நாள் வந்து தங்கறதுக்கு ஊடு கட்டறீங்க. வருசம் பூரா இங்கயே கெடக்கற மாடு கன்னு எங்க போகுமுங்க?" என்று கேட்பார்.

என்னைக் கண்டால், "சாவி இடுப்புல தொங்குனா ராசாவா தம்பி நீயி?" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, திட்டிக்கொண்டே ரசம் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

முதலாளி எனக்குப் போட்ட உத்தரவு ஒன்றுதான்: அந்த மாடு காம்பவுண்டுக்குள் வரவே கூடாது.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், கேட்டுக்கு வெளியே அக்காவின் குரல் கேட்டுப் போனேன். நிறைமாத மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கேட்டில் முட்டிக்கொண்டு நின்றது. முன்பு இரண்டு முறை அது கன்று ஈன்றது இந்தச் சமதரையில்தான். அதற்கும் முன்னால், சரிவில் ஈன்றபோது கன்று வழுக்கிப் பள்ளத்தில் உருண்டு செத்துப்போனதாம். இப்போது சமதரை முழுவதும் மதிலுக்கும் வேலிக்கும் உள்ளே இருந்தது. வெளியே சேறும் சரிவும்.

"கண்ணு, சாமி, ஊட்டுக்கு வா" என்று அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார். மாடு அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. "தண்ணிக்கொடம் ஒடைஞ்சிருச்சு தம்பி" என்றார், அவ்வளவுதான்.

நான் யோசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். கேட்டைத் திறந்துவிட்டேன். மாடு நேராக கார் ஷெட்டுக்குள் போய்ப் படுத்தது. கன்றின் கால்கள் வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து இழுத்தோம். இருட்டுவதற்குள் ஒரு செவலைக் கன்று எழுந்து, தள்ளாடி, சிமென்ட் தரையில் நின்றது.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஷெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காரை எங்கேய்யா நிறுத்தறது?" என்றார். நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை.

அந்த நேரத்தில் அக்கா தூக்குப்போசியோடு வந்தார். கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய சீம்பால். எங்கள் பக்கத்தில் சீம்பாலை யாரும் விற்பதில்லை, அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார்கள்.

"கன்னு பொறந்த ஊட்டுக்குத்தான் மொதக் கிண்ணம் குடுக்கோணுமுங்க. நம்ம சண்டை அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

முதலாளி சாப்பிட்டார். கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அக்கா போசியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு கிண்ணம் வேணுமுன்னா, செவுத்துல மாடு போக ஒரு வழி உடுங்க!"

முதலாளியின் மனைவிதான் முதலில் சிரித்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். என் பாயை நான் மறுபடி விரித்தேன். அடுத்த வாரமே கொத்தனார் வந்து, மேட்டுப் பக்க மதிலிலும் பள்ளத்துப் பக்க மதிலிலும் ஒவ்வோர் இடத்தில் இடித்து, மாடு உள்ளே வந்து வெளியே போக வழிவிட்டார்.

மற்ற மனைக்காரர்கள் யாரும் அப்படி விடவில்லை. புல்வெளி முழுவதும் கூரைகளாகிவிட்டது. முக்கால்வாசி வீடுகள் எப்போதும் பூட்டியே கிடந்தன. நானும் அங்கே நிலைக்காமல் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். சில வருடங்கள் கழித்து சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மதிலில் அந்த இரண்டு வழிகளும் அப்படியே இருந்தன. ஈரமண்ணில் புதுக் குளம்புத் தடங்கள் தெரிந்தன.

அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் காவல் காத்துவிட்டேன். இன்றும் எங்காவது ஒரு மதில் புதிதாக எழும்பினால், இத்தனை நாள் அந்த வழியாக நடந்தவர்கள் இனி எங்கே சுற்றிப் போவார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.