கல்யாணப் பத்திரிகையில் என் பெயர்

நாளிதழ் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருமணம் செய்துகொள்ளவில்லை; பெற்றோரும் இல்லை. அப்பாவுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊர் என்பது மட்டும் தெரியும். 2003இல் அரியலூரில் ஒரு வரலாற்றுச் சங்க நூலகத்தில், கிராமத்து மாதா கோயில் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டு நகலில் அவர் பெயரும் தாத்தா பெயரும் ஒரே வரியில் இருந்தன.

அந்த ஊருக்குப் போய்த் தாத்தா பெயரைச் சொன்னதும் அருளப்பன் என்ற விவசாயியின் வீட்டைக் காட்டினார்கள்.

"எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாருன்னு கேள்விங்க. என்ன ஆனாருன்னுதான் தெரியல. அவரு மவனா நீங்க? உள்ள வாங்கண்ணே" என்றார்.

இரண்டு கிறிஸ்துமஸ் அங்கேதான் சாப்பிட்டேன். பிறகு, மகன் கல்யாணப் பத்திரிகையில் என்னைப் பெரியப்பா என்று போடப்போவதாகச் சொன்னார். அச்சேறும் எதையும் மறுபடி சரிபார்ப்பது என் பழக்கம். நூலகத்தில் அதே கோயிலின் அடக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அப்பாவின் அதே பெயர், அதே தகப்பன். இறந்தபோது வயது இரண்டு.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

பதிவேட்டில் இருந்ததை அருளப்பனிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க யாருங்க?" கோபமில்லாமல்தான் கேட்டார்.

"அதத்தான் தேடிட்டிருக்கேன்."

அவர் மனைவி அவரிடம், "சோறு ஆயிடுச்சு, சாப்ட்டுட்டுப் போவச் சொல்லுங்க" என்றார்.

பத்திரிகை தபாலில் வந்தது. என் பெயர் உறையின் மேல் மட்டும் இருந்தது.

இப்போதெல்லாம் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால், அடக்கப் பதிவேட்டையும் பார்த்த பிறகே பஸ் ஏறுகிறேன்.