வாய் திறக்காத கண்டக்டர்

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்த நேரம். நாங்கள் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கிழிப்பதைவிட ஊர்க்கதை பேசுவதுதான் அவருக்கு முக்கிய வேலை. தூக்கத்தில்கூட ஸ்டாப்பிங் பெயர் சொல்லுவார்.

நான் அப்போது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது, கண் மஞ்சளாகிவிட்டது. மாத்திரை ஈரலைப் பாதித்திருக்கிறது என்று டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மஞ்சள் இறங்கினால்தான் மறுபடி ஆரம்பிக்க முடியுமாம். மாத்திரை சாப்பிட்டால் ஈரல் போகும், சாப்பிடாவிட்டால் நுரையீரல் போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். இரண்டு வயது மகளைப் பார்த்துப் பார்த்து அழுவேன்.

பஸ் ஓடாமல் வீட்டில் கிடந்த இவரிடம் யார் சொன்னார்களோ, கல்வராயன் மலையில் ஈரலுக்கு மருந்து தருகிறார்கள் என்று நடந்தே கிளம்பிவிட்டார். அங்கே ஒரு பெரியவர் மருந்தைத் தேக்கிலையில் கட்டிக் கொடுத்து, வீட்டில் கொடுக்கிற வரைக்கும் பிரிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் பலிக்காது என்றாராம். போயும் போயும் யாரிடம் இந்த நிபந்தனை!

மறுநாள் மலையிறங்கி வரும் வழியில் மரம் போட்டிருந்தவர்கள் மடக்கியிருக்கிறார்கள். "யாரு நீ? இன்னா பொட்டலம் அது?" இவர் வாயைத் திறக்கவில்லை. கையால் காட்டிய ஜாடை யாருக்கும் புரியவில்லை. போலீஸுக்கு உளவு சொல்கிற ஆள் என்று நினைத்து ஒருவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தே விட்டார், ஓர் அறையும் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை.

நல்லவேளை, கூட்டத்தில் இவர் பஸ்ஸில் போய் வருகிற ஒருவர் இருந்தார். "வுடுங்கப்பா, இவரு கண்டக்டரு. இவரு வாய மூடிக்கினு நான் பாத்ததே இல்ல. மலையில மருந்து வாங்கிக்கினு போறாருன்னு நெனைக்கறேன், அத எடுத்துக்கினு போனா பேசக் கூடாதும்பாங்க. வூட்ல யாருக்குங்க, காமாலையா?" இவர் தலையாட்டினாராம். அந்த மனிதர் இவரைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மரம் வந்த இடத்திலெல்லாம் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறித்தவர்களிடமெல்லாம் இவருக்காகத் தானே பேசி, வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

கிழிந்த சட்டையோடு வாசலில் நின்றவரைப் பார்த்து, "ஐயோ, இன்னாங்க ஆச்சு?" என்று கேட்கிறேன், பதிலே இல்லை. பேச்சே போய்விட்டதோ என்று அலறிவிட்டேன். பொட்டலத்தை என் கையில் வைத்த பிறகுதான் வாய் திறந்தார். "மொதல்ல தண்ணி குடு. நெறைய பேசணும்." சைக்கிள்காரர்தான் வழியில் நடந்ததையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை, பாவிகள் நாங்கள்.

பிரித்துப் பார்த்தால் கீழாநெல்லி! எங்கள் குழாயடியில் மண்டிக் கிடக்கிற அதே செடி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இதனால் குணமாகும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் தன்னைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் தொடக் கூடாது, ரத்தப் பரிசோதனைக்கு வந்துவிட வேண்டும் என்றார். அரைத்து மோரில் கலந்து சில நாள் குடித்தேன். மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கியது. டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக மறுபடி ஆரம்பித்தார். முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன்.

மாத்திரையை நிறுத்தியதால் ஈரல் தேறியதா, கீழாநெல்லியாலா, எனக்குத் தெரியாது. இவருக்குச் சந்தேகமே இல்லை. தான் வாயை மூடியதால்தானாம். குழாயடிச் செடியைப் பற்றி இன்றுவரை இவரிடம் நான் மூச்சு விடவில்லை. ரிட்டையர் ஆன பிறகு பேச்சு இன்னும் ஜாஸ்தி. சில நாள் காது வலித்து, 'கொஞ்சம் சும்மா இருங்களேன்' என்று சொல்ல வாயெடுப்பேன். எனக்காக அறை வாங்கியும் ஒரு வார்த்தை பேசாமல் வந்த மனுஷன், பேசிவிட்டுப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.