பிடித்துவைத்த மெயில்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவரை அங்கே எல்லோரும் 'மிளகாய் அக்கா' என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். கோபம் மூக்குக்கு மேல் வரும். கை மட்டும் அப்படியொரு பொறுமை. அவர் தேய்த்த லென்ஸ் ஃபிரேமுக்குள் ஆடாமல் அசையாமல் உட்காரும். அந்தப் பொறுமையில் கால்வாசி நாக்குக்கு இருந்திருந்தால் இதையெல்லாம் நான் ஏன் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்?

அம்மா அப்பா போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்க்கவில்லை. தம்பி கடல் தாண்டி வேலைக்குப் போவதற்கு முன்னால் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் புரோகிராம் போட்டுக்கொடுத்தான். அவனுடைய சிநேகிதன் எவனோ எழுதியது. ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. மாற்றச் சொன்னவர்களை எல்லாம் அக்கா முறைத்தார். தம்பி போட்டதாயிற்றே.

போன வருஷம் அவன் ஃபோன் பண்ணி, தனக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்றான். விட்டார் பாருங்கள் டோஸ்! வந்தவளின் குடும்பம்வரை இழுத்துவிட்டார்.

"ஃபோன்ல வேணாங்க்கா. நீ கத்துவ, நானும் ஏதாவது சொல்லிடுவேன். கோபம் ஆறினதும் மெயில் போடு, காத்துட்டிருப்பேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாளே ஆறிவிட்டது. எப்போதும் அப்படித்தான். 'தப்பு என்மேலதான், அவளைத் திட்டியிருக்கக் கூடாது' என்று எழுதினார். பதில் இல்லை. 'அவளுக்குக் கண்ணுல பவர் இருக்கா? சொல்லு, என் கையாலயே கண்ணாடி செஞ்சு அனுப்பறேன்' என்று எழுதினார். அதற்கும் இல்லை. ஃபோன் வேண்டாம் என்று அவனே சொன்னபிறகு தானாகக் கூப்பிட ரோஷம் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டரைத் திறப்பார். சாப்பாடும் அதன் முன்னால்தான். பேச ஆளில்லாத வீட்டில் விளம்பர மெயில்களோடு சண்டை போட்டார். மாசங்கள் ஓட ஓடக் கெஞ்சல் ஆத்திரமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'எனக்குத் தம்பியே இல்லைன்னு நினைச்சுக்கறேன். இனி எனக்கு எழுதாதே' என்று தட்டி அனுப்பிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் திக்கித் திணறியது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்தார்.

"ஆன்டிவைரஸ் எப்பம்மா போட்டீங்க?"

"போன வருஷம். கடைல எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"அதுக்கு உங்க மெயில் புரோகிராம அடையாளம் தெரியல. நீங்க அனுப்பறத எல்லாம் சோதிக்கறேன்னு வாங்கி உள்ள வச்சுக்கிட்டு, போயிடுச்சுன்னு உங்களுக்குக் காட்டியிருக்கு. ஒண்ணுகூட வெளிய போகல."

"ஒண்ணுகூடவா?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியானால் தம்பிக்குக் கோபமே இல்லை! பாவம் பிள்ளை, இன்னும் காத்துக்கொண்டல்லவா இருக்கிறான்! சந்தோஷம் தாங்காமல் ரிப்பேர்க்காரரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த வீட்டில் யாரையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

"இருக்கட்டும்மா. இந்தப் புரோகிராம நம்பலாம்னு ஆன்டிவைரஸ்கிட்ட சொல்லி வச்சிட்டேன். பிடிச்சு வச்சிருந்ததெல்லாம் இப்பதான் கிளம்பிச்சு. பாருங்க, மொத்தமும் போயிடுச்சு."

"மொத்தமுமா? கடைசியா எழுதினதுமா?"

"எல்லாமேதாம்மா. கடைசி மெயில்தான் அவருக்கு மேலயே நிக்கும்."

அக்கா ஃபோனை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது, அவன் கட் பண்ணினான். மறுபடி அழுத்தினார், மறுபடி கட் பண்ணினான். ரிப்பேர்க்காரர் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஒரே ஒரு வரி: 'சரிக்கா. இனி எழுதல.'

'கீழேயிருந்து படி தம்பி' என்று எழுதி அனுப்பினார். இன்னொரு தடவையும் அனுப்பினார். எதுவும் வரவில்லை.

"அடேய், அது இல்லடா! அடியிலேருந்து படிடா! முதல்ல எழுதினதப் படிடா!"

கம்ப்யூட்டரைப் பார்த்துக் காது கிழியக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி, "அந்தம்மா இன்னைக்கு யாரையோ பிடிச்சுத் திட்ட ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.